கார் இல்லாமல் மூன்று இரவு: ஈடேலா, கிங்கமா, மாலமா?

லண்டனைப் பார்த்து முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தமில்லாத ஒரு கிராமத்தில் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வர வேண்டும். கல் வீடுகள், பழைய தேவாலயம், ஆடு மேயும் சரிவு, சாயங்காலம் போய் உட்கார ஒரு பப். இணையத்தில் தேடினால் நூறு ஊர் வந்து நிற்கும். எல்லாமே அழகாக இருக்கும். சிக்கலே அதுதான், படத்தை வைத்து முடிவு செய்யவே முடியாது.

இங்கிலாந்துக் கிராமம் ஒன்றுக்குள் பார்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்காது. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒன்றிரண்டு பப், அவ்வளவுதான். மீதிப் பொழுது முழுக்க ஊரைச் சுற்றியுள்ள வயலிலும் மலையிலும்தான் கழியும். அதனால் ஊரின் முகத்தைப் பார்க்காமல், ஊரிலிருந்து கிளம்பும் பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கார் இல்லாமல் போய்ச் சேர முடியுமா, தங்கும் வீட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்கலாமா, கூட வருபவரின் முழங்கால் அந்தப் பாதைக்குத் தாங்குமா என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் போதும், ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

இந்தக் கணக்கில் நான் ஒப்பிடப்போவது மூன்று ஊர்களை. டெர்பிஷரில் ஈடேல், ஆக்ஸ்ஃபர்ட்ஷரின் மேற்கு ஓரத்தில் கிங்கம், யார்க்‌ஷரில் மாலம். மூன்றும் மூன்று விதமான நிலம். அதற்கு முன் ஒரு ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் "அது ஏன் இல்லை" என்று கேட்பீர்கள்.

பைபரி. தேன்நிறக் கல் வீடுகளுக்குப் பேர்போன காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியைத் தேடினால் முதலில் வரும் படம் அதுதான்: ஆர்லிங்டன் ரோ என்ற வரிசை வீடுகள். 14ஆம் நூற்றாண்டில் மடாலயத்துக்குக் கம்பளி சேமித்து வைக்கக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகப் பிரித்தார்கள். இப்போது பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் சொத்து. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உட்பக்கத்திலேயே இடம்பிடித்த காட்சி. ஆனால் சில நூறு பேர் வாழும் ஊருக்குள் கோடையில் சுற்றுலாக் கூட்டம் அலையலையாக வந்து நிற்கும். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதே மறந்துபோய் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிற கூட்டம் அது. ரயில் கிடையாது, பக்கத்து ஸ்டேஷனான கெம்பிளிலிருந்து டாக்ஸிதான் பிடிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க முடிந்தால் அழகுதான், மறுக்கவில்லை. அமைதி தேடிப் போகிறவருக்கான ஊர் அது இல்லை.

சரி, மூன்றுக்கு வருவோம்.

ஈடேல்: ரயிலிலிருந்து இறங்கி மலைக்குள்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ஷெஃபீல்டு வரை சுமார் இரண்டு மணி நேரம். அங்கே மான்செஸ்டர் போகும் வண்டிக்கு மாறி அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தடத்தில் விரைவு வண்டிகளும் ஓடுகின்றன, அவை ஈடேலில் நிற்காது. எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் வண்டியில்தான் ஏற வேண்டும். அது ஏறத்தாழ மணிக்கு ஒன்று வரும். 1894இல் திறந்த சின்ன ஸ்டேஷன். பிளாட்ஃபாரத்திலிருந்து படியிறங்கிச் சாலைக்கு வந்தால் பத்து நிமிட நடையில் ஊரின் மறுமுனை வந்துவிடும்.

அந்த மறுமுனையில் இருக்கிறது ஓல்டு நேக்ஸ் ஹெட் என்ற பப். 268 மைல் நீளமுள்ள பென்னைன் வே நடைபாதை தொடங்குவது அங்கேதான். 1965இல் திறந்த அந்தப் பாதை இங்கிலாந்தின் முதுகெலும்பான மலைத்தொடர் வழியே ஏறி ஸ்காட்லாந்து எல்லைக்குள் கிர்க் யெட்டமில் முடிகிறது. நாம் அத்தனை மைல் போகப்போவதில்லை. முதல் நாலு மைல் போதும்.

ஈடேலின் பெரிய வசதியே இதுதான். பள்ளத்தாக்கின் அடியில் ஊர், வடக்கே கிண்டர் ஸ்கவுட், தெற்கே மாம் டோர் தொடர். இரண்டு பக்கமும் வாசலிலிருந்தே ஏறலாம். எந்தப் பக்கம் என்று அன்றைய வானத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். மூன்றில் வேறெந்த ஊரும் இந்த வசதியைத் தராது.

தெற்குப் பக்கம் எளிது. வயல்களைத் தாண்டி ஹாலின்ஸ் கிராஸ் என்ற கணவாய்க்கு ஏறினால் அந்தப் பக்கம் காசில்டன் ஊர் தெரியும். ஈடேலுக்கென்று தேவாலயம் கட்டும் வரை இறந்தவர்களைச் சவப்பெட்டியில் வைத்து இந்தக் கணவாய் வழியாகத்தான் காசில்டனுக்குத் தூக்கிப் போனார்கள். பிறகு ஈடேலில் பஞ்சாலை வந்தபோது, காசில்டனிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தினமும் இதே மேட்டை ஏறி இறங்கினார்கள். கைத்தடி பிடித்து மூச்சு வாங்க ஏறும்போது அதை நினைத்துப் பார்த்தால் நாம் முனகுவது கொஞ்சம் குறையும். கணவாயிலிருந்து வலப்பக்கம் முகட்டுவழியே போனால் 517 மீட்டர் உயர மாம் டோர். உச்சியில் பழங்காலக் கோட்டையின் மண்மேடு இன்னும் வளையமாகத் தெரிகிறது. முகடு முழுக்கக் கல் பாவியிருப்பதால் மழைக்குப் பின்னும் நடக்கலாம்.

மாம் டோரின் மறுபக்கச் சரிவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மலையின் மேற்பகுதி மணற்கல், அடியில் பலவீனமான களிப்பாறை. ஆகவே மலை இன்னமும் சரிந்துகொண்டே இருக்கிறது. அதன் குறுக்கே போட்ட சாலையைப் பல தலைமுறை பழுதுபார்த்துப் பழுதுபார்த்து அலுத்துப்போய் 1979இல் கைவிட்டுவிட்டார்கள். இன்று அங்கே போனால், முறிந்து தொங்கும் சாலையின் வெட்டுமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தார் அடுக்குகளை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளைக்கோடுகூட மிச்சமிருக்கிறது. என்னைக் கேட்டால் காசில்டனில் காசு கொடுத்துப் பார்க்கும் குகைகளைவிட இந்த உடைந்த சாலை சுவாரஸ்யமானது. நீலக்கோடு ஓடும் புளூ ஜான் என்ற கல் அந்த ஊரைச் சுற்றித்தான் கிடைக்கிறது என்பதால் குகைக்கும் ஒரு நியாயம் உண்டு, அவ்வளவுதான்.

வடக்குப் பக்கமான கிண்டர் வேறு விஷயம். 636 மீட்டர், ஈடேலைச் சுற்றியுள்ள பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியிலேயே உயரம். ஜேக்கப்ஸ் லேடர் என்ற கல்படி வழியே ஏறி, விளிம்போரமாக நடந்து, கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழியே ஊருக்கு இறங்கினால் ஒரு முழுநாள். மேலே கூம்பான சிகரம் எதுவும் இல்லை. தட்டையான, கறுப்பான, பீட் என்னும் ஊறிய மண் பரந்த மேடு. மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைகளின் புகை நூறாண்டுக்கு மேல் இங்கே படிந்து பாசியைக் கொன்றது, தீயும் ஆடுகளும் மீதியை முடித்தன. இப்போது பாசியைத் திரும்ப வளர்க்கிறார்கள். சேறு மிகுந்த இடங்களில் பாதைக்குப் போட்டிருக்கும் பெரிய பலகைக்கற்களில் பல, இடித்த பழைய ஆலைகளின் தரையிலிருந்து வந்தவை. எந்த ஆலைப் புகை மண்ணைக் கெடுத்ததோ, அந்த ஆலையின் தரைதான் இப்போது அந்த மண்ணைக் காலடியிலிருந்து காக்கிறது.

இந்த மலையில் நடக்க நமக்கு உரிமை இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. 1932இல் கிண்டர் வேட்டைக்கான தனியார் நிலம். அந்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி நானூறு பேர் போல, பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர் வீட்டு இளைஞர்கள், மேற்கே ஹேஃபீல்டிலிருந்து வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு இருபது வயதுதான். காவலாட்களோடு கைகலப்பு, கைது, ஐந்து பேருக்குச் சிறை. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவித்தது இந்தப் பகுதியைத்தான். 2000இல் வந்த சட்டம் இத்தகைய மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகி நடக்கவும் அனுமதித்தது.

ஈடேலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மழை. கிண்டர் மேல் மேகம் இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. திசைகாட்டி பார்த்து நடக்கத் தெரியாதவர் அன்றைக்கு மேலே போகக்கூடாது, கைப்பேசியை நம்பியும் போகக்கூடாது. ஊரில் சாப்பிட இடங்கள் குறைவு. சனி, ஞாயிறுகளில் இரண்டு பெரிய நகரங்களும் ரயிலேறி இங்கே வந்துவிடும். முகட்டில் கூட்டம் திருவிழா போல நகரும். செவ்வாய்க்கிழமை அதே முகட்டில் ஆடுகள்தான் துணை.

கிங்கம்: தட்டையான நடை, பழைய கணக்கு

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்களா? ஈடேலை மறந்துவிட்டு இங்கே வாருங்கள்.

பாடிங்டனிலிருந்து ஆக்ஸ்ஃபர்ட் வழியாக வண்டி மாறாமல் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிங்கம் வந்துவிடும். மூன்றில் மிக எளிதான பயணம் இது. ஸ்டேஷன் ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளியிருக்கிறது, பெட்டி இழுத்துக்கொண்டு நடக்கும் தூரமில்லை, டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில் வரிசையாக டாக்ஸி நிற்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இது காட்ஸ்வோல்ட்ஸ்தான், அதே தேன்நிறச் சுண்ணாம்புக்கல் வீடுகள், ஆனால் சுற்றுலாக் கூட்டம் எட்டாத ஓரம். ஊர் நடுவே அகலமான புல்வெளி. நிலம் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வரைபடத்தில் பக்கத்து ஊர் எதை எடுத்தாலும் அரை மணி, முக்கால் மணி நடைதான். காலையில் ஒரு ஊர், மதியம் அங்கே பப்பில் சாப்பாடு, திரும்பி வந்து ஒரு தூக்கம் என்று நாளை வகுத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான நடை எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே எதிரி சேறு: குளிர்காலத்தில் உழுத வயல் வழியே போகும் பாதை செருப்பையே பிடுங்கிக்கொள்ளும்.

கிங்கமிலிருந்து நான் முதலில் அனுப்புவது சர்ச்சில் என்ற பக்கத்து ஊருக்கு. பிரதமர் சர்ச்சிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சின்ன ஊரில் இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் வாரன் ஹேஸ்டிங்ஸ், 1732இல். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் வந்த அதே ஆள்தான். இன்னொருவர் வில்லியம் ஸ்மித், ஒரு கொல்லர் வீட்டுப் பிள்ளை, 1769இல். ஹேஸ்டிங்ஸ் சென்னை ஆட்சிக்குழுவில் பதவியேற்கக் கப்பலேறியதும் அதே 1769இல்தான். ஸ்மித் வளர்ந்தபோது இந்த ஊர்ப் பால்பண்ணைப் பெண்கள் வெண்ணெய் நிறுக்க உருண்டையான கற்களை எடைக்கல்லாக வைத்திருந்தார்கள். அவை உண்மையில் கல்லாகிப்போன கடல் முள்ளெலிகள். கடலுக்கு வெகுதூரத்தில் இவை எப்படி வந்தன என்ற கேள்வி அவனை விடவில்லை. எந்த அடுக்கில் எந்தப் புதைபடிவம் என்று நாடு முழுக்க நடந்து நடந்து பார்த்து, 1815இல் இங்கிலாந்து முழுமைக்குமான நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். ஊரில் அவர் நினைவாக ஒரு பெருங்கல் நிற்கிறது. வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரலைவிடக் கொல்லர் மகனுக்குத்தான் இங்கே மரியாதை அதிகம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஹேஸ்டிங்ஸ் அடக்கமாகியிருப்பது கிங்கமுக்கு இன்னொரு பக்கத்தில் உள்ள டேல்ஸ்ஃபர்டில். குடும்பம் இழந்த அந்தப் பண்ணையைத் திரும்ப வாங்குவதே சிறுவயதுக் கனவு என்பார்கள். 1785இல் ஊர் திரும்பி, 1788இல் வாங்கியும் விட்டார். லண்டனில் அவர்மீது ஊழல் விசாரணை தொடங்கியதும் அதே 1788இல்தான். ஏழு ஆண்டு இழுத்து 1795இல் விடுதலையானார், வழக்குச் செலவு கையிருப்பைக் கரைத்துவிட்டது. மாளிகை தனியாருடையது, உள்ளே விடமாட்டார்கள். தேவாலயத் தோட்டம் வரை போகலாம். அருகிலேயே டேல்ஸ்ஃபர்ட் பெயரில் இயற்கை விவசாயப் பொருள் விற்கும் பெரிய கடையும் உணவகமும் உண்டு. லண்டன் பணக்காரர்கள் வார இறுதியில் வந்து நிறையும் இடம், விலையும் அப்படித்தான். கழிவறைக்கும் காபிக்கும் நல்லது.

இந்தத் தடத்தில் அடுத்த ஸ்டேஷன் மார்டன்-இன்-மார்ஷ். அங்கிருந்து வயல்வழியே ஒரு மணி நேரம் நடந்தால், புல்வெளிக்கு அப்பால் மரங்களுக்கு மேலே தாமிரப் பச்சை நிறத்தில் ஒரு முகலாயக் குவிமாடம் எட்டிப் பார்க்கும். சீசின்கோட் மாளிகை. கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்து வந்த சார்லஸ் காக்கரெலுக்காக அவர் அண்ணன் தம்பிகளில் ஒருவரான சாமுவேல் பெப்பிஸ் காக்கரெல் 1805 வாக்கில் வடிவமைத்தது. டேல்ஸ்ஃபர்ட் மாளிகையும் அவர் வேலைதான். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். 1790களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி மதுரையையும் தஞ்சையையும் மாமல்லபுரத்தையும் வரைந்தவர். அதனால்தானோ என்னவோ, தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள் உட்கார்ந்திருக்கின்றன, நீரூற்றுக்கு மேலே சூரியனுக்கு ஒரு சின்னக் கோயிலும் உண்டு. தோட்டம் வாரத்தில் சில மதியங்கள் மட்டுமே திறந்திருக்கும், பார்த்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தாலும் பாதகமில்லை: பண்ணை நிலத்தின் குறுக்கே பொதுப்பாதை போகிறது, காசு கொடுக்காமலே குவிமாடத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். ஆங்கிலேய ஆடுகள் நடுவே அந்தக் கட்டடம் நிற்பதைப் பார்க்கச் சிரிப்பும் வரும், எந்த ஊர்க் காசு என்ற நினைப்பும் வரும்.

கிங்கமின் குறை பணம்தான். அறை வாடகை, சாப்பாடு இரண்டும் மூன்றில் அதிகம். ஊரின் பப்கள் பெயருக்குத்தான் பப், நடப்பில் உயர்தர உணவகங்கள். சேற்றுக் காலோடு போய் ஒரு சூப் குடிக்கலாம் என்று நினைப்பவருக்கு ஈடேல்தான் ஒத்துவரும். மலை ஏறிய திருப்தியும் இங்கே கிடைக்காது. இரண்டாம் நாள் மாலை, உடம்பில் தெம்புள்ளவர்களுக்குக் கால் துறுதுறுக்கத் தொடங்கிவிடும்.

மாலம்: நிலம் பெரிது, வழி கடினம்

நிலக்காட்சி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் மாலம்தான் ஜெயிக்கும். ஆனால் ரயில் கிடையாது. கிங்ஸ் கிராஸிலிருந்து லீட்ஸ், அங்கிருந்து ஸ்கிப்டன், அப்புறம் மலைச்சாலையில் டாக்ஸி அல்லது நாளைக்குச் சிலமுறை மட்டும் ஓடும் பேருந்து. ஒரு இணைப்பு தவறினால் மதியம் முழுக்கப் போச்சு. மூன்று இரவுப் பயணத்தில் போகவும் வரவும் ஒவ்வொரு அரைநாள் கொடுக்கத் தயாரென்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஊரிலிருந்து இருபது நிமிட நடையில் மாலம் கோவ்: அரைவட்டமாக வளைந்து நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், எண்பது மீட்டர் போல உயரம். பனியுகம் முடிந்து உருகிய நீர் அருவியாகக் கொட்டிச் செதுக்கியது. இன்று மேலே தண்ணீர் இல்லை, 2015 டிசம்பர் புயல்மழையில் மட்டும் சில மணி நேரம் அருவி திரும்பி வந்தது. சுவரின் அடியில் ஒரு ஓடை சத்தமில்லாமல் வெளியே வருகிறது. மேலே ஏரியிலிருந்து வரும் ஓடை ஒன்று சற்றுத் தூரத்தில் மண்ணுக்குள் மறைகிறது. அதுதானே இது என்று யாருக்கும் தோன்றும். சாயம் கரைத்துப் பார்த்த சோதனையில் இல்லை என்று தெரிந்தது. மேலே மறையும் தண்ணீர் ஊருக்குக் கீழே வேறொரு ஊற்றாக எழுகிறது, சுவரடியில் வருவது இன்னொரு இடத்தில் மறைந்த தண்ணீர். இரண்டும் பாறைக்குள் ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன.

பக்கவாட்டில் நானூறு படி ஏறினால் உச்சியில் சுண்ணாம்புப் பாறைத் தளம். பாளம் பாளமாகப் பிளந்து, பிளவுகளுக்குள் காற்றுப் படாத ஈரத்தில் பெரணி வளர்ந்திருக்கும். ஈரமான நாளில் அந்தப் பாறை சோப்புப் போட்டது மாதிரி வழுக்கும், கணுக்கால் மாட்டும் அளவுக்குப் பிளவும் உண்டு. வயதானவர்கள் படிக்குக் கீழேயே நின்றுகொள்வது நல்லது. கீழே நின்றாலும் நஷ்டமில்லை, பாறைச்சுவரில் பெரிக்ரின் வல்லூறு கூடு கட்டும் காலத்தில் அங்கிருந்துதான் பார்ப்பார்கள்.

ஊரிலிருந்து இன்னொரு பக்கம் ஓடையோரமாகப் போனால் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவி. மே மாதம் அந்தக் காட்டின் தரை முழுக்க வெள்ளைப் பூவோடு காட்டுப்பூண்டு. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் அருவி நெருங்கியது மூக்குக்குத் தெரியும், சமையலறையில் பூண்டு உரிக்கும் வாசனைதான். அதைத் தாண்டி கோர்டேல் ஸ்கார்: இரண்டு பக்கமும் தலைக்கு மேல் சாயும் பாறைகளுக்கு நடுவே ஒரு இடுக்கு, அதன் கோடியில் அருவி. அருவிப் பாறையில் கைவைத்து ஏறிப் போவது சிலருக்கு வழக்கம். நான் சிபாரிசு செய்யமாட்டேன், அருவியடி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று வந்தால் நிதானமாக நடப்பவருக்கு நாலு மணி நேரம்.

ஆக மாலமில் முதல் நாள் பிரமாதம். இரண்டாம் நாள் ஏரிப்பக்கம் நீண்ட நடை உண்டு, அதுவும் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டால் போக வேறு ஊர் கையெட்டும் தூரத்தில் இல்லை. ஈடேலில் மழை என்றால் ரயிலேறி ஷெஃபீல்டு போய்விடலாம், கிங்கமில் என்றால் ஆக்ஸ்ஃபர்ட். இந்த ஒரு வித்தியாசம் மாலமைக் கார் உள்ளவர்களின் ஊராக்கிவிடுகிறது. கார் இருந்தால் என் வரிசையே தலைகீழாகும், மாலம்தான் முதலில் வரும்.

எந்த ஊருக்குப் போனாலும்

பாதை விஷயத்தில் நம்மவர்களுக்கு வரும் முதல் தயக்கம், "இது யாரோ ஒருவர் வயல், உள்ளே போகலாமா?" என்பது. போகலாம். பொதுப்பாதை என்று பதிவான வழி தனியார் வயலின் நடுவே, சில சமயம் பண்ணைவீட்டு முற்றத்தின் ஊடாகக்கூடப் போகும். நடப்பது உரிமை, யாரிடமும் கேட்க வேண்டாம். கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவருக்கு மட்டும், நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேலி ஒவ்வொன்றும் அதில் இருக்கும், பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக. பள்ளத்தாக்குகளில் கைப்பேசி சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

மாடு. சிரிக்காதீர்கள். நம் ஊர் மாட்டைப் பார்த்துப் பழகியவர்கள்தான் இங்கே அசட்டையாக நடுவில் புகுவார்கள். வசந்தத்தில் கன்றோடு நிற்கும் மாடுகள் ஆளைத் துரத்துவது உண்டு, குறிப்பாக நாய் கூட இருந்தால். வயலின் ஓரமாகச் சுற்றிப் போங்கள்.

சாப்பாட்டு நேரம் லண்டன் போல இல்லை. பப் திறந்திருக்கும், அடுப்பு மூடியிருக்கும். மதியம் இரண்டு, இரண்டரைக்குப் பிறகும் இரவு எட்டரைக்குப் பிறகும் சூடாக எதுவும் கிடைக்காமல் போகலாம். திங்கள்கிழமை சில இடங்கள் அடுப்பே மூட்டாது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு இடம் பதிவு செய்யாமல் போகக்கூடாது. சைவம் என்றால் சூப், உருளைக்கிழங்கு, சீஸ் ரொட்டி என்று மூன்றாம் நாளில் நாக்கு செத்துவிடும். அதனால் சமையலறையோடு ஒரு சின்ன வீடு வாடகைக்குக் கிடைத்தால் அதுவே மேல். கோடையில் வாரக் கணக்கில்தான் தருவார்கள், மற்ற மாதங்களில் மூன்று இரவுக்கும் கிடைக்கும். அரிசியும் ரசப்பொடியும் லண்டனிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஊர்க்கடையை நம்ப வேண்டாம்.

பருவம் என்று கேட்டால் மே. ஆட்டுக்குட்டிகள் இன்னும் சின்னவை, புளூபெல் பூத்திருக்கும், ஒன்பது மணி வரை வெளிச்சம். கிண்டர் மட்டும் ஆகஸ்டில் ஹெதர் பூத்து ஊதாவாக நிற்கும்போது பார்க்கத் தகுந்தது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது கிங்கமில் கணப்பு எரியும் பப்பைத் தவிர வேறு எதற்கும் நான் போகமாட்டேன்.

என் முடிவு இதுதான்: நடக்கக்கூடியவர் தனியாகவோ நண்பரோடோ முதல் தடவை போகிறார் என்றால் ஈடேல், வார நாளில். பெற்றோர் கூட வந்தால் கிங்கம், செலவைப் பொறுத்துக்கொண்டு. இருவர் சேர்ந்து போவதாக இருந்தால் இருவர் பெயரிலும் எடுக்கும் ரயில் அட்டை ஒன்று உண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்ப வேண்டும். ஈடேலில் அறை கிடைக்கவில்லையென்றால் பயணத்தைக் கைவிட வேண்டாம். அதே ரயில் தடத்தில் ஹோப்பும் ஹாதர்சேஜும் இருக்கின்றன. அங்கே தங்கிக்கொண்டு காலை வண்டியில் ஈடேலில் இறங்கி, மாம் டோர் முகட்டுவழியே லூஸ் ஹில் வரை நடந்து, ஹோப் ஸ்டேஷனுக்கே இறங்கிவிடலாம். வந்த வழியே திரும்ப நடக்க வேண்டிய அலுப்பும் இல்லை.